கட்டிலுக்குக் கீழே தொங்கும் பை: ஐ.சி.யூ.வுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

புதுச்சேரியில் ஐ.சி.யூ. நர்ஸாக வேலை பார்க்கிறேன். ஐப்பசி மழை தொடங்கும் நேரத்தில்தான் எங்கள் வார்டுக்குப் படிப்பு முடித்த பிள்ளைகள் புதிதாகச் சேருவார்கள். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் காய்ச்சல்காரர்களும் அப்போதுதான் வந்து நிறைவார்கள். டெங்கு, ஃப்ளூ, 2020-க்குப் பிறகு கொரோனாவும். புதிதாக வருகிறவர்களின் கண் முழுக்க மானிட்டரில் இருக்கும். ஆக்சிஜன் எவ்வளவு, பிபி எவ்வளவு, துடிப்பு எவ்வளவு. பார்க்க வேண்டியதுதான். ஆனால் கட்டிலுக்குக் கீழே தொங்கும் யூரின் பையைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. வைரஸ் தொற்று முற்றிய நோயாளிக்குக் கிட்னி அடிபடத் தொடங்கினால் பெரும்பாலும் அந்தப் பைதான் முதலில் சொல்லும். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறி நமக்குத் தெரிய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். இடையில் கிடைக்கும் அந்த ஒரு நாளை வீணாக்காமல் இருப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

மருந்து, அளவு, டயாலிசிஸ் எல்லாம் டாக்டரின் முடிவு. அந்த முடிவை அவர் நேரத்தோடு எடுக்கத் தேவையான தகவல் நம் கையில் இருக்கிறது.

கிட்னி ஏன் இவ்வளவு சீக்கிரம் அடிபடுகிறது

இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் 1 லிட்டர் இரண்டு கிட்னிக்கு மட்டுமே போகிறது. ஒரு நாளில் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகிறது. இத்தனை வேலை செய்யும் உறுப்பின் உட்பகுதி நல்ல ஆரோக்கியத்திலேயே குறைந்த ஆக்சிஜனில்தான் ஓடுகிறது. அதனால் பிபி இறங்கினாலும் ஆக்சிஜன் குறைந்தாலும் முதலில் வாடுவது அதுதான்.

எந்த வைரஸ் என்பதைப் பொறுத்து வழி மாறும். டெங்குவில் ரத்தக் குழாய்ச் சுவர் தளர்ந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிந்துவிடும். குழாய்க்குள் ஓட ரத்தம் போதாது. ஃப்ளூ, கொரோனா நிமோனியாவில் ஆக்சிஜன் குறைவும் உடம்பெங்கும் பரவும் அழற்சியும் சேரும். நுரையீரலைக் காப்பாற்ற வென்டிலேட்டரில் அழுத்தத்தை ஏற்றுகிறோம். அதே அழுத்தம் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைத் தடுத்து, கிட்னியில் ரத்தம் தேங்க வைக்கிறது. கொரோனாவில் நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைவதும் உண்டு. சிலருக்குத் தசை சிதைந்து அதன் கழிவு கிட்னிக் குழாய்களை அடைக்கும். இவற்றோடு நாம் கொடுக்கும் மருந்துகளும் சேர்ந்துகொள்ளும். ஒரே நோயாளிக்கு இதில் மூன்று நான்கு காரணங்கள் ஒன்றாக இருப்பது சாதாரணம்.

வந்த ஒரு மணி நேரத்துக்குள்: எடை, பழைய ரிப்போர்ட், மாத்திரைப் பை

எடை தெரியாமல் சிறுநீர் அளவுக்கு அர்த்தம் இல்லை. மணிக்கு 50 மி.லி. வருவது 50 கிலோ அம்மாவுக்குத் தாராளம். 110 கிலோ ஆளுக்கு எல்லைக்கும் கீழே. எடைத் தட்டு உள்ள கட்டில் இல்லையென்றால் உறவினரிடம் கேளுங்கள். ரேஷன் கடைத் தராசில் நின்றது, போன மாதம் சர்க்கரை நோய்க்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டபோது எழுதிக் கொடுத்தது, ஏதாவது கிடைக்கும். மிகவும் பருமனானவர் என்றால் எந்த எடையை வைத்துக் கணக்குப் போடுவது என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பிறகு எடையைப் பாதியாக்குங்கள். 60 கிலோ என்றால் 30. அந்த 30-ஐ, உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் எழுதும் ஐ.ஓ. சார்ட்டின் தலையில் சிவப்புப் பேனாவால் எழுதி வட்டம் போடுங்கள். மணிக்கு இவ்வளவாவது வந்தாக வேண்டும் என்பது அதன் பொருள். உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கும் அது கண்ணில் படும்.

அடுத்தது பழைய கிரியேட்டினின். இன்று 1.4 என்று வந்தால், போன வருடம் 0.7 ஆக இருந்தவருக்கு அது இரண்டு மடங்கு, எப்போதுமே 1.4 ஆக இருப்பவருக்கு அது புதிதில்லை. வீட்டில் பீரோவுக்குள் பிளாஸ்டிக் கவரில் பழைய ரிப்போர்ட்டுகள் கட்டாயம் இருக்கும். வீட்டில் இருக்கிற பிள்ளையிடம் அவற்றைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் வந்துவிடும்.

மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுவது. "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பார்கள். கேள்வியை மாற்றுங்கள். "காய்ச்சல் வந்ததும் முதல்ல எங்கம்மா காட்டுனீங்க? அங்க ஊசி போட்டாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா சிஸ்டர், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குதுன்னாரு. தெனம் ஒண்ணு, மூணு ஊசி போட்டோம்" என்று வரும். அது பெரும்பாலும் டைக்லோஃபெனாக். நீர் வற்றிய உடம்பில் கிட்னிக்குப் போகும் ரத்தத்தை மேலும் குறைக்கும் மருந்து. டெங்குவில் ரத்தக் கசிவு ஆபத்தும் சேர்கிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய "செட் மாத்திரை"க்குள்ளும் அது இருக்கலாம். பிபி மாத்திரையில் டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில் இருக்கிறதா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, நாட்டு மருந்து, பஸ்பம் ஏதாவது கொடுத்தார்களா, வருவதற்கு முன் வேறு மருத்துவமனையில் மருந்து ஏற்றி சி.டி. ஸ்கேன் எடுத்தார்களா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். கேட்கும் குரலில் குற்றம் சாட்டும் தொனி வந்தால் பதில் வராது. அந்த வலி ஊசிக்குக் கூட்டிப்போன மனைவி ஏற்கெனவே பயந்துதான் நிற்கிறார்.

வைரஸ் என்று சீட்டில் எழுதியிருந்தாலும்

நம் பக்கத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 வெள்ளத்தைக் கடலூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டித்தான் கரை கடந்தது. இப்படித் தண்ணீர் தேங்கிய பிறகு வரும் காய்ச்சலில் எலிக்காய்ச்சலும் இருக்கும். புதர்க்காடு, வயல் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்க்ரப் டைஃபஸும் வரும். இரண்டும் பாக்டீரியா நோய்கள். காய்ச்சல், தட்டணு குறைவு, கிட்னி பாதிப்பு என்று பார்ப்பதற்கு டெங்கு போலவே இருக்கும்; ஆனால் உரிய ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கேட்கும். நோயாளியைத் துடைத்துவிடும்போது அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்புக் கயிறு கட்டும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த ஒரு பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது ஸ்க்ரப் டைஃபஸ் பூச்சி கடித்த இடம். உடம்பு துடைக்கிறவர் கண்ணில்தான் அது முதலில் படும்.

குழாய் சரியாக இருக்கிறதா

சிறுநீர் குறைந்தால் கிட்னியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் குழாயைச் சந்தேகியுங்கள். மடங்கியிருக்கிறதா, தொடைக்குக் கீழே நசுங்கியிருக்கிறதா, குழாய் வளைந்து தொங்கும் இடத்தில் சிறுநீர் தேங்கி நிற்கிறதா? கவிழ்த்துப் படுக்க வைத்த நோயாளிக்கு இது அடிக்கடி நடக்கும். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக, கெட்டியாக இருந்தால் உள்ளே சிறுநீர்ப்பை நிறைந்து நிற்கிறது, வழிதான் அடைத்திருக்கிறது. அல்ட்ராசவுண்ட் வார்டில் இருந்தால் டாக்டர் ஒரு நிமிடத்தில் உறுதி செய்துவிடுவார். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையைத் தொடக் கூடாது.

மணிக்கு ஒருமுறை: இதுதான் நம் வேலையின் உயிர்

யூரோமீட்டர் என்பது பைக்கு மேலே பொருத்திய, கோடு போட்ட கெட்டியான டப்பா. ஒவ்வொரு மணிக்கும் குனிந்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் 18 என்பது 25 போலத் தெரியும். படித்ததும் சாய்த்து அடியில் உள்ள பைக்குள் கொட்டிவிடுங்கள்; இல்லையென்றால் அடுத்த மணிக்கணக்கில் இது கலந்துவிடும். உடனே எழுதுங்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வேறு ஒரு மருத்துவமனையில், நைட் டியூட்டி. எனக்கு மூன்று நோயாளிகள். ஒருவர் டெங்கு முற்றி வந்தவர், நாற்பது வயதுக்குள்தான் இருப்பார். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு இதயம் நின்றுபோக, இரண்டு மணி நேரம் எல்லோரும் அங்கேதான் நின்றோம். திரும்பி வந்து டெங்குக்காரரின் சார்ட்டைப் பார்த்தேன். கட்டங்கள் காலி. பத்து மணிக்கு 40 என்று இருந்தது. பதினொன்றுக்கு 40, பன்னிரண்டுக்கு 40, ஒன்றுக்கு 40 என்று எழுதினேன். அதன் பிறகும் பார்க்காமலே 40, 40. காலை ஆறு மணிக்குப் பையை அளவு ஜாடியில் ஊற்றினால் மொத்தம் 110 மி.லி. கணக்குப்படி 360 இருக்க வேண்டும். கறுத்த தேநீர் நிறம். ரவுண்ட்ஸுக்கு வந்த டாக்டர் ராத்திரி சார்ட்டை நம்பி எந்த மாற்றமும் செய்யாமல் இருந்திருக்கிறார். அன்று மாலையே டயாலிசிஸ் தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் அவர் இறந்துபோனார். ஈரல், ரத்தக் கசிவு, நுரையீரல் என்று அவருக்கு வேறு பிரச்சினைகளும் இருந்தன. ஆனால் அந்த எட்டு மணி நேரம் என்னால் போனது. அன்றிலிருந்து, பார்க்காத மணிக்குக் "பார்க்கவில்லை" என்றுதான் எழுதுகிறேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் டாக்டர் கேள்வி கேட்பார். 40 என்று இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அளவோடு நிறத்தையும் எழுதுங்கள். வைக்கோல் நிறம், அடர் மஞ்சள், தேநீர், ரத்தம். தேநீர் நிறமும் கடுமையான தசை வலியும் சேர்ந்தால் தசைச் சிதைவைத் தேட சி.பி.கே. பரிசோதனை கேட்பார்கள்.

உள்ளே போகும் கணக்கிலும் ஒளிந்திருக்கும் நீர் உண்டு. டிரிப் மட்டும் கணக்கில்லை. மெரோபெனம் ஆன்டிபயாட்டிக் 100 மி.லி. சலைனில் மூன்று வேளை, பாராசிட்டமால் பாட்டில் 100 மி.லி. மூன்று வேளை, இது மட்டுமே 600. மூக்குக் குழாய் கஞ்சி, குழாய் கழுவும் தண்ணீர், பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடும் அளவு, பிளேட்லெட் பைகள் எல்லாம் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். டெங்குவில் இது இன்னும் முக்கியம். காய்ச்சல் விடும் நேரத்தை ஒட்டி 24 முதல் 48 மணி நேரம் வரை கசிவு இருக்கும். அப்போது நீர் தேவை. ஆனால் மணிக்கு எடைக்குப் பாதி அளவு சிறுநீர் வந்தால் போதும், அதற்கு மேல் தள்ளத் தேவையில்லை. கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அந்த நேரத்திலும் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரல் நீரால் நிரம்பிவிடும். டிரிப்பைக் குறைக்க மறந்ததால் வென்டிலேட்டருக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது டாக்டரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது

கிட்னி நோய்களுக்கு உலகெங்கும் பின்பற்றும் கேடிகோ வழிகாட்டியின் 2012-ம் ஆண்டு வரையறை எளிமையானது. 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறினாலோ, 7 நாளுக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கானாலோ, சிறுநீர் தொடர்ந்து 6 மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு அரை மி.லி.க்குக் கீழே இருந்தாலோ அது திடீர் கிட்னி பாதிப்பு. மூன்றில் ஒன்று போதும். அரை மி.லி.க்குக் கீழே 12 மணி நேரம் போனால் இரண்டாம் நிலை. 24 மணி நேரம் 0.3-க்குக் கீழே இருந்தாலோ 12 மணி நேரம் ஒன்றுமே வராவிட்டாலோ மூன்றாம் நிலை. கிரியேட்டினின் மூன்று மடங்கானாலும், 4-ஐத் தொட்டாலும் அதே நிலைதான்.

6 மணி நேரம் என்பது நோய்க்குப் பெயர் வைப்பதற்கான கணக்கு. நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு மணி நேரம் சிவப்பு வட்டத்துக்குக் கீழே போனால் குழாயைச் சரிபாருங்கள், பிபி பாருங்கள், கூப்பிடுங்கள். "யூரின் கம்மியா இருக்கு சார்" என்றால் தூக்கத்திலிருப்பவருக்கு ஒன்றும் புரியாது. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரைப் பற்றி ஒரு இரவில் எங்கள் புது நர்ஸ் டாக்டரிடம் சொன்னது இப்படி: "சார், 7-ம் கட்டில். ஃப்ளூ நிமோனியா, வென்டிலேட்டர்ல இருக்காரு, 60 கிலோ. ரெண்டு மணிக்கு 22, மூணு மணிக்கு 18 எம்.எல். குழாய் நல்லா இருக்கு, வயிறு மெத்துனு இருக்கு. பிபி 84-க்கு 46, மீன் 58. நார்அட் 4 எம்.எல். ஓடுது. காலையிலிருந்து ஒன்றரை லிட்டர் பாசிட்டிவ்." மீன் என்றால் சராசரி பிபி; பாசிட்டிவ் என்றால் வெளியே வந்ததைவிட உள்ளே போன நீர் அவ்வளவு அதிகம். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. டாக்டர் மூன்று நிமிடத்தில் கட்டிலருகே நின்றார்.

கிரியேட்டினின் நார்மல் என்று வந்தாலும் ஏமாற வேண்டாம். டிரிப் அதிகம் ஏறினால் அது நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். படுத்த படுக்கையில் தசை கரைந்தவர்களுக்கும் அப்படித்தான். யூரியா தனியாக ஏறினால் ஸ்டீராய்டோ வயிற்றுக்குள் ரத்தக் கசிவோ காரணமாக இருக்கலாம். மலத்தின் நிறத்தைப் பாருங்கள்.

அதன் பிறகு நம் பங்கு

மீன் பிரஷரை 65-க்கு மேலே வைக்கச் சொல்வார்கள். மானிட்டர் சொல்லாவிட்டால் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் வகுத்துக் கீழ் எண்ணோடு கூட்டுங்கள். 90-க்கு 60 என்றால் 70. பல வருடமாக பிபி உள்ளவருக்கு 65 போதாமல் போகலாம். டாக்டர் வேறு அளவு சொன்னால் அதைச் சார்ட்டில் எழுதிவையுங்கள். நார்அட்ரினலின் சிரிஞ்சு தீரப்போகும் முன்பே அடுத்ததைத் தயார் செய்யுங்கள். மாற்றும் அந்த ஒரு நிமிடம் பிபி விழுவதும் கிட்னிக்கு ஒரு அடிதான்.

மருந்துச் சீட்டை ஒவ்வொரு டியூட்டியிலும் கிட்னியின் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். அமிகாசின், ஜென்டாமைசின், ஆம்ஃபோடெரிசின், வான்கோமைசின், வலி ஊசிகள் இருந்தால் ரவுண்ட்ஸில் ஞாபகப்படுத்துங்கள். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிரைக் கிட்னியின் நிலைக்கு ஏற்பக் குறைக்க வேண்டியிருக்கும். ஆனால் ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸைக் கிட்னிக்குப் பயந்து யாரும் குறைப்பதில்லை. தொற்றை அடக்காமல் கிட்னி திரும்பாது.

பழைய பழக்கங்கள் சில இன்னும் காதில் விழும். கிட்னியைக் காக்கும் என்று நம்பி டோபமின் மருந்தைக் குறைந்த அளவில் ஓட்டும் "கிட்னி டோஸ் டோபமின்" என்று ஒன்று இருந்தது. அது கிட்னியைக் காக்கவில்லை என்று 2000-ல் வெளிவந்த பெரிய ஆய்வே காட்டிவிட்டது. லாசிக்ஸ் ஊசியும் கிட்னியைக் குணப்படுத்துவதில்லை; தேங்கிய நீரை வெளியேற்றத்தான் அது. சில சமயம் லாசிக்ஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் அளந்து சொல்லச் சொல்வார்கள். 200 மி.லி.க்குக் கீழே வந்தால் பாதிப்பு முற்றும் வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மணி நேரம் துல்லியம் தவறக் கூடாது.

பொட்டாசியம்: நிமிடக் கணக்கு

சிறுநீர் குறைந்தவருக்குப் பொட்டாசியம் 6-ஐத் தாண்டினால் இதயம் எந்த நேரமும் நின்றுபோகலாம். மானிட்டரில் டி அலை கூடாரம் போலக் கூர்மையாக உயரும், பி அலை தட்டையாகும், பிறகு க்யூ.ஆர்.எஸ். அகலமாகும். இதில் எதைப் பார்த்தாலும் 12 லீடு இசிஜி எடுங்கள். ரத்தம் ஊசியில் சிதைந்திருந்தாலும், பொட்டாசியம் ஓடும் கையிலேயே எடுத்திருந்தாலும் பொய்யாக ஏறிக் காட்டும். ஆனால் இசிஜி மாறியிருந்தால் மறுபரிசோதனைக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க மாட்டார்கள்.

மூன்று மருந்து கேட்பார்கள். 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. மெதுவாக, இது இதயத்தைக் காக்கும், பொட்டாசியத்தைக் குறைக்காது. சோடாபைகார்ப் ஓடும் அதே லைனில் போட்டால் சுண்ணாம்பாகக் கட்டிக்கொள்ளும், லைனைக் கழுவிவிட்டுப் போடுங்கள். அடுத்து ரெகுலர் இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும். மூன்றாவது சால்பியூட்டமால் நெபுலைசர். இன்சுலின் போட்ட பிறகு மணிக்கு ஒருமுறை, குறைந்தது நான்கு முதல் ஆறு மணி நேரம் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். கெட்ட கிட்னியில் இன்சுலின் நெடுநேரம் தங்கும். மயக்கத்தில் இருப்பவர் தலைசுற்றுகிறது என்று சொல்ல மாட்டார். இவை எல்லாம் சில மணி நேரத்தை வாங்கித் தருபவை. ஓடும் டிரிப்பிலும் கொடுக்கும் உணவிலும் பொட்டாசியம் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள்.

டயாலிசிஸ் என்று முடிவானால்

மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், ரத்தத்தில் அமிலம் ஏறி பி.எச். 7.2-க்குக் கீழே போவது, லாசிக்ஸுக்கும் இறங்காத நுரையீரல் நீர், யூரியா ஏறி வரும் குழப்பமும் வலிப்பும். இவற்றில் ஒன்று வந்தால் டயாலிசிஸ். எதுவும் இல்லாதவருக்கு முன்கூட்டியே தொடங்கினால் நல்லதா என்ற கேள்விக்கு, ஏறக்குறைய 3000 ஐ.சி.யூ. நோயாளிகளை வைத்து நடந்து 2020-ல் வெளியான ஆய்வு பதில் சொன்னது. முன்பே தொடங்கியதால் 90 நாளில் இறப்பு குறையவில்லை. காத்திருந்து பார்த்த பிரிவில் கிட்டத்தட்ட பத்தில் நான்கு பேருக்கு டயாலிசிஸ் செய்யப்படவே இல்லை. "ஏன் சிஸ்டர் இன்னும் மெஷின் போடல?" என்று உறவினர் கேட்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பிபி தாங்காத நோயாளிக்கு வழக்கமான 4 மணி நேர டயாலிசிஸ் ஒத்துவராது. நம் ஊர்களில் பெரும்பாலும் செய்வது ஸ்லெட். அதே மெஷின், ரத்த ஓட்டத்தைக் குறைத்து 6 முதல் 12 மணி நேரம் மெதுவாக ஓட்டுவது. 24 மணி நேரமும் ஓடும் சி.ஆர்.ஆர்.டி. சில பெரிய இடங்களில் மட்டும் உண்டு, செலவும் அதிகம்.

கழுத்தின் வலப்பக்க ஜக்குலர் ரத்தக் குழாயில் தடிமனான இரட்டைக் குழாய் போடுவார்கள், முடியாவிட்டால் தொடையில். டெங்குவில் தட்டணு குறைந்திருப்பதால் அல்ட்ராசவுண்ட் பார்த்துத்தான் குத்துவார்கள். குத்திய இடத்தை அரை மணிக்கு ஒருமுறை பாருங்கள். டயாலிசிஸ் லைனில் மருந்து, ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் அடர்த்தியாக நிற்கும். உறிஞ்சி எடுக்காமல் தள்ளினால் மொத்தமும் ரத்தத்தில் கலந்துவிடும். கொரோனா நாட்களில் ஃபில்டர் திரும்பத் திரும்ப உறைந்து நின்றது. ஃபில்டருக்குள் ரத்தம் கறுத்தாலோ மெஷினில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் வழியின் அழுத்தம்) ஏறிக்கொண்டே போனாலோ டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். முழுக்க உறைந்தால் சர்க்யூட்டில் உள்ள ரத்தம் அத்தனையும் போகும்.

மெரோபெனம், பிப்பராசிலின் போன்றவை டயாலிசிஸில் வெளியேறிவிடும். எந்த மருந்தை முன்னால், எதைப் பின்னால் என்று தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி ஒட்டிவையுங்கள். ஓடும் நேரம் முழுக்க 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி. உடம்பும் குளிர்ந்துபோகும், போர்வை போடுங்கள். காய்ச்சல் இருந்தாலும் அந்த நேரத்தில் தெரியாது.

வாசலில் நிற்பவர்களிடம்

"கிட்னி போயிடுச்சா சிஸ்டர்?" என்றுதான் கேட்பார்கள். கிட்னி பழுது என்றாலே வாரம் மூன்று முறை மெஷின், வாழ்நாள் முழுக்க என்றுதான் ஊரில் பார்த்திருக்கிறார்கள். இது வேறு என்று டாக்டர் சொல்லியிருந்தாலும் நாமும் ஒருமுறை நிதானமாகச் சொல்ல வேண்டும். நோய் அடங்கினால் கிட்னி திரும்ப வேலை செய்ய வாய்ப்பு உண்டு, வாரக்கணக்கிலும் ஆகலாம், எல்லோருக்கும் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்வேன். தமிழ்நாட்டுக்காரர்கள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். நகையை அடகு வைக்கும் பேச்சு அதற்குள் தொடங்கியிருக்கும்.

கிட்னி திரும்பும்போது

அந்த மீனவருக்கு நார்அட்ரினலினை ஏற்றி, தேவையில்லாத டிரிப்பை நிறுத்தினார்கள். இருந்தும் நான்கு முறை ஸ்லெட் தேவைப்பட்டது. பதினொன்றாம் நாள் விடியற்காலை யூரோமீட்டரில் 45 நின்றது. அடுத்த மணி 70. அவருடைய மனைவியிடம் சொன்னபோது, "ஒண்ணுக்கு வந்துதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இந்தக் கட்டத்திலும் அளவை விடாதீர்கள். குழாய்கள் முழுதாகத் தேறாததால் நாளுக்கு 3, 4 லிட்டர்கூடக் கொட்டும். ஈடு செய்யாவிட்டால் பிபி விழுந்து மறுபடியும் அடிபடும். பொட்டாசியம் இப்போது கீழே இறங்கும். கிரியேட்டினின் சில நாள் அப்படியே நின்றுவிட்டுத்தான் இறங்கத் தொடங்கும்.

டிஸ்சார்ஜ் அன்று சீட்டில் மூன்று வரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஐ.சி.யூ.வில் கிட்னி பாதிப்பு வந்தது, எத்தனை முறை டயாலிசிஸ் ஆனது என்பது ஒன்று. நிறுத்திய பிபி, சர்க்கரை மாத்திரைகளை எப்போது மறுபடி தொடங்குவது என்பது இரண்டு. ஒரு வாரத்தில் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்தில் கட்டாயம் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும் என்பது மூன்று. கடலூர்க்காரர் அதற்காகப் புதுச்சேரி வரை பஸ் ஏற வேண்டாம். மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு வலி ஊசி. அந்த மீனவரின் மனைவியிடம், டைக்லோஃபெனாக் வேண்டாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஆதார் அட்டை வைக்கும் கவருக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். வலை இழுக்கிறவருக்கு முதுகு வலிக்காமல் இருக்காது. வலித்தால் பாராசிட்டமால், வேறு எந்த ஊசி போடப் போனாலும் முதலில் அந்தத் தாளைக் காட்டச் சொன்னேன். மூன்றாம் மாதம் ரிப்போர்ட்டோடு வந்தபோது கிரியேட்டினின் 1.1. தாள் கவருக்குள்ளேயே இருந்தது, மடித்த இடம் கிழிந்திருந்தது. வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.